டிரம்முக்குள் தட்டுவது யார்?

அத்தியாயம் 4

காப்பிக் கோப்பை டாக்னியின் உதட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், வெளியே மாரித்தின் கொட்டகையில் தகர டிரம் சுழலத் தொடங்கியது.

கர்ர்... கர்ர்... டக்.

கர்ர்... கர்ர்... டக்.

டாக்னி கோப்பையை அப்படியே மேஜையில் வைத்தாள். துப்பறியும் ஆன்ஸ்கர் லோக்கனிடம் உதவியாளராகச் சேர்ந்ததிலிருந்து அவள் பார்க்காத பிணமில்லை. ஆனால் பிணமாகிப் போனவர் திரும்பி வந்து வேலை பார்ப்பதை இன்றுதான் கேட்கிறாள்.

"வந்துட்டாரு," என்றாள் மாரித். பால் வண்டி வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி ஒரு குரல்.

"யாரு, உங்க வீட்டுக்காரரா?"

"வேற யாரும்மா வருவாங்க? அவரை இன்னும் மண்ணுக்குள்ள வைக்கலையே. அலையத்தானே செய்வாரு?"

மண்ணுக்குள் வைக்கவில்லை என்பது உண்மைதான். வடக்கு டகோட்டாவில் டிசம்பர் மாதம் சாகிறவன் வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். நிலம் கடப்பாரைக்கும் அசையாது. மாரித்தின் புருஷன் ஹால்வர் பிரெக்கே செத்து இரண்டு வாரமாகியும் அவருடைய சவப்பெட்டி சர்ச்சுக்குப் பின்னாலிருக்கும் கல் அறையில் மற்ற பெட்டிகளோடு கிடந்தது.

லோக்கன் அதற்குள் லாந்தரைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தார். பருத்த மனிதர், ஆனால் ஓட வேண்டிய நேரத்தில் அந்தப் பருமன் எங்கே போகிறதென்றே தெரியாது.

"பாஸ்! பேய் மாட்டினா விலங்கை எங்க பூட்டறது? கை இருக்குமா அதுக்கு?"

"வாயை மூடிக்கிட்டு ஓடி வா டாக்னி. பல்லு உறைஞ்சுடும்."

மணி ஐந்துகூட ஆகவில்லை, ஆனாலும் இருட்டிவிட்டது. முற்றத்துக் கொடியில் மாரித் அன்று காலை போட்ட திங்கட்கிழமைத் துணிகள் பலகையாக விறைத்துத் தொங்கின. அவற்றுக்கு நடுவே குனிந்து ஓடிய டாக்னியின் தோளில் எதுவோ கனமாக இடித்தது. திரும்பினாள். ஒரு ஆணின் வேலை உடுப்பு. கால் இரண்டும் விறைத்து, முழங்கால் லேசாக மடங்கி, அடுத்த அடி எடுத்து வைக்கப் போகிற தோரணையில் நின்றது. செத்துப் போன புருஷனின் உடுப்பை மாரித் இன்னும் வாராவாரம் துவைத்துப் போடுகிறாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு முன்னால் பனி, அப்பியது அப்பியபடி, ஒரு கால்தடம்கூட இல்லை. லோக்கன் தோளால் இடித்துத் திறந்தார்.

உள்ளே ஆளில்லை. ஆனால் டிரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று. அரைச் சுற்று. டக். பிறகு நின்றது.

"பாஸ்," என்றாள் டாக்னி மெல்ல, "நான் வேணா வண்டிக்குப் போய் என்ஜினைச் சூடு பண்ணட்டுமா? ஃபார்கோவுக்கு இப்பக் கிளம்பினா சாப்பாட்டுக்குப் போயிடலாம்."

"போ. ஆனா தனியாத்தான் அந்தக் கொடியைத் தாண்டிப் போகணும்."

அவள் போகவில்லை.

லாந்தர் வெளிச்சத்தில் அந்த யந்திரம் பார்க்க அப்படியொன்றும் பயங்கரமாக இல்லை. ஒரு ஆள் சுருண்டு படுக்கலாம் போன்ற பெரிய தகர டிரம், படுக்கைவாட்டில். கீழே ஒரு நிலக்கரி அடுப்பு. பக்கத்தில், துவைக்கும் மெஷினிலிருந்து கழற்றி வைத்த சின்னப் பெட்ரோல் என்ஜின். என்ஜினுக்கும் டிரம்முக்கும் ஒரு தோல் பட்டை. பட்டையைத் தள்ளிவிட்டால் கைப்பிடியால் சுற்றலாம். ஈரத் துணியை உள்ளே போட்டால் சூட்டில் புரண்டு புரண்டு காய்ந்து வரும். நோர்டால் ஊரில் இப்படியொரு சாமானை யாரும் அதற்கு முன் கண்டதில்லை.

அதைச் செய்யச் சொன்னது மாரித். சொன்னது என்றால், ஒரு குளிர்காலத்துத் திங்கட்கிழமை கொடியிலிருந்து உள்ளே வந்து, வெடித்து ரத்தம் கசிகிற விரல்களைப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டி, "இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டீங்களா?" என்று அழுதாள். அவ்வளவுதான். ஹால்வர் நான்கு குளிர்காலம் அந்தக் கொட்டகையிலேயே கிடந்து இதைச் செய்து முடித்தார். அப்புறம் ஒரு சனிக்கிழமை மாலை, ஊரே சர்ச்சின் நிலவறையில் கிறிஸ்துமஸ் மீன் விருந்தில் இருந்தபோது, என்ஜின் புகையில் மூச்சடைத்து இதே தரையில் செத்துக் கிடந்தார். குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டியிருக்கிறார், மயங்கி விழுந்ததில் அடுப்பு முனை பட்டு மண்டையில் காயம் என்று ஷெரீஃப் முடித்துவிட்டார். ஊர் வேறு மாதிரி முடித்தது. துணி உலர்த்தச் சோம்பல்பட்ட பெண்டாட்டி புருஷனைக் காவு கொடுத்துவிட்டாள் என்றது.

மாரித் அதை நம்பினாள். அதுதான் கொடுமை. போன வாரம் ஃபார்கோவில் லோக்கனின் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து அவள் கேட்டது ஒரே கேள்வி: "சாயங்காலம் நான் பால் கறக்கப் போனா டிரம்மு சுத்துது, உள்ள யாரோ தட்டறாங்க. அது அவருதானா? அவருன்னா, என்கிட்ட என்ன கேக்கறாரு?" குடும்ப விவகாரம் எதையும் தொடாத லோக்கன் உடனே தொப்பியை எடுத்துக்கொண்டார்.

இப்போது அந்தத் தொப்பி டிரம்மின் மேலிருந்தது. லோக்கன் கைப்பிடியிடம் லாந்தரைக் கொண்டுபோனார்.

"இங்க பாரு. இரும்பு முழுக்க வெள்ளையா உறைபனி பூத்திருக்கு. பிடிக்கிற இடத்துல மட்டும் இல்ல."

"பேய் கையுறை போட்டுக்கிட்டு வந்திருக்கு. நல்லதுதான், சளி பிடிக்காது."

"பின்னால ஜன்னல் பாரு."

டாக்னி பார்த்தாள். கொக்கி மேலே தூக்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நேராக ஆறு. காற்று துடைத்துத் துடைத்து வழவழவென்று கிடந்த பனிக்கட்டி. அதில் யானை நடந்தாலும் தடம் விழாது.

அவளுக்கு மூச்சு சீரானது. "சுவரைத் துளைச்சுக்கிட்டு வர்றவருக்கு ஜன்னல் எதுக்கு பாஸ்?"

"அப்பாடா, என் அசிஸ்டென்ட் திரும்ப வந்துட்டா. சரி, நான் சுத்தறேன். நீ கேளு."

கர்ர்... கர்ர்... டக். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு. டாக்னி காதைத் தகரத்தில் ஒட்டிக்கொண்டாள். டிரம்முக்கு இரண்டு தோல். உள்ளே துளை போட்ட தகரம், வெளியே முழுத் தகரம். இரண்டுக்கும் நடுவில் எதுவோ சிக்கிக்கொண்டு, மேலே போய் விழுந்து, மேலே போய் விழுந்து தட்டியது. பத்து ராத்திரியாக ஒரு பெண்ணைத் தூங்கவிடாத சத்தம் அது.

"யாரோ இதை வெளிய எடுக்கத்தான் வந்து வந்து சுத்தியிருக்காங்க," என்றார் லோக்கன். "விளக்கு ஏத்த முடியாது. ஏத்தினா மாட்டுத் தொழுவத்துலேர்ந்து மாரித் பாத்துடுவா. இருட்டுல சுத்தி, தானா விழுமான்னு பாத்திருக்கான்."

"நம்மகிட்ட விளக்கு இருக்கே." டாக்னி தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி நிமிர்த்தினாள். உள் தகரத்தின் மூட்டு ஒரு இடத்தில் வாய் பிளந்திருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, கன்னத்தைத் தகரத்தில் அழுத்தி, கொஞ்ச நேரம் மீன் பிடித்தாள். கடைசியில் அது அவள் உள்ளங்கையில் விழுந்தது.

ஒரு பட்டன். மான்கொம்பில் கையால் செதுக்கியது. அரை டாலர் காசு அகலம்.

"இதுக்காகவா இவ்வளவு பாடு?"

"அதை மாரித்துக்கு இப்பக் காட்டாதே," என்று லோக்கன் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "அழுது அழுது ஓய்ஞ்சுபோயிருக்கா. பாதி பதிலைக் கொடுத்து அவளை வதைக்க வேண்டாம்."

காற்று வெளியே போகும் குழாயின் வாயில் ஹால்வர் எலிக்காக ஒரு கம்பி வலை மாட்டியிருந்தார். லோக்கன் அதைக் கழற்றினார். துணிகளிலிருந்து பறந்த பஞ்சுப் பிசிறு அதில் கம்பளம் மாதிரி படிந்திருந்தது. அவர் பேனாக் கத்தியால் ஓர் ஓரத்தைக் கீறி, அடுக்கைப் பிரித்துக் காட்டினார்.

"என்ன தெரியுது?"

"வெள்ளை. அதுக்கு மேல கலவை. அதுக்கு மேல நீலம். மறுபடி வெள்ளை, கலவை, நீலம்..." டாக்னி சிரித்துவிட்டாள். "இது திங்கட்கிழமைத் துவைப்பு பாஸ்! வெள்ளைத் துணி முதல்ல, கலர் அடுத்தது, வேலை உடுப்பு கடைசி. மூணும் ஒரே தண்ணி. இந்த வரிசையை மாத்தினா சர்ச்சுல பக்கத்துல உக்கார மாட்டாங்க."

"அப்ப எப்பவும் மேல என்ன இருக்கணும்?"

"நீலம்."

"இதுல மேல என்ன இருக்கு?"

நீலத்துக்கு மேல், மெல்லிசாக, குங்குமம் தூவியதுபோல், சிவப்பு. டாக்னி விரலால் தொட்டாள். கம்பளி.

"மாரித் வீட்ல சிவப்புக் கம்பளி கிடையாது," என்றார் லோக்கன். "காப்பி போட்டப்பவே கேட்டுட்டேன். கடைசியா இதுல துணி காயப் போட்டது அவர் சாகறதுக்கு முந்தின திங்கட்கிழமை. ஹால்வர் செத்தது சனிக்கிழமை. சனிக்கிழமை இந்த ஊர்ல யாராவது துவைப்பாங்களா?"

"தூக்குல போட்டாலும் துவைக்க மாட்டாங்க. அன்னிக்கு ரொட்டி சுடற நாள்."

"அப்ப சனிக்கிழமை இதுல காய்ஞ்ச சிவப்புக் கம்பளி யாருது?"

"பாதி ஊருது. ஆம்பளைங்க எல்லாம் குளிருக்கு சிவப்புக் கம்பளிக் கோட்டுதானே போடறாங்க? பனியில வேட்டைக்காரன் மான்னு சுட்டுடக் கூடாதுன்னு."

லோக்கன் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். அப்புறம் ஒரு காலுறையை உருவினார். பனியில் நனைந்து சொட்டிய கெட்டியான கம்பளிக் காலுறை.

"பாஸ், அந்தப் பேயே பரவாயில்லன்னு தோணுது."

"அடுப்பைப் பத்த வை."

அடுப்பு பிடித்ததும் அவர் பட்டையை மாட்டி என்ஜினை உதைத்தார். அது இருமி, தும்மி, படபடவென்று ஓடத் தொடங்கியது. காலுறை டிரம்முக்குள் விழுந்து புரண்டது. அந்தச் சத்தம் முற்றத்தைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வாசலில் மாரித் நின்றாள், தலையில் சால்வைகூட இல்லாமல். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"கதவு!" என்று கத்தினாள். "கதவை மூடாதீங்க! ஓடறப்ப மூடக் கூடாது!"

கதவு திறந்துதானிருந்தது. அது காதில் ஏறாமல் அவள் பாய்ந்து வந்து கதவை இன்னும் அகலத் தள்ளி, சுவரிலிருந்த ஒரு சங்கிலியை இழுத்து அதன் கொக்கியில் மாட்டினாள்.

"இந்தச் சங்கிலியை அவருதான் அடிச்சாரு. மில்வாக்கி கம்பெனிக்காரங்க வந்து மெஷினைக் கொடுங்கன்னு கேட்டாங்க. அவரு தர மாட்டேன்னுட்டாரு. இந்தப் புகை வெளிய போக வழி பண்ணாம வித்தா, எவளாவது ஒருத்தி சமையல்கட்டுல கதவைச் சாத்திக்கிட்டு ஓட்டிச் செத்துப்போவா, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்னாரு. அவருக்கா தெரியாது? அவரா கதவைச் சாத்தினாரு?"

"அதை ஷெரீஃப்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். குளிர்ல மனுஷனுக்கு மறதி வரும்னாரு." அவள் சுழலும் டிரம்மைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நாளைக்குக் காலையில இது இருக்காது சார். என் தம்பி எய்னார் வர்றான் சம்மட்டியோட. அவன்தான் இதுக்குத் தகரம் அடிச்சுக் கொடுத்தவன். அவர் போன நாள்லேர்ந்து உடைச்சுடுக்கா உடைச்சுடுக்கான்னு சொல்லிக்கிட்டே இருக்கான். நேத்து சர்ச்சுல சரின்னுட்டேன். நான் பக்கத்துல நின்னு ஒவ்வொரு துண்டா விழறதைப் பாக்கணும்னு மட்டும் சொன்னேன். நான் கேட்டு வாங்கினது. நான்தான் பாக்கணும்."

டாக்னி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாளம் பாளமாக வெடித்த கை. மாரித் வீட்டுக்குள் போனதும் லோக்கன் பக்கம் திரும்பினாள்.

"பக்கத்துல நின்னு பாக்கறேன்னு இவங்க சொன்னது நேத்து. இன்னிக்குப் பேய் வந்தே தீர வேண்டியதாயிடுச்சு. இல்லன்னா பட்டன் இவங்க கால்லயே வந்து விழும்."

"அந்தப் பேச்சை எத்தனை பேர் கேட்டிருப்பாங்க?"

"சர்ச்சுல சொன்னதா? பாஸ், நாய்க்குட்டிக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்."

லோக்கன் என்ஜினை நிறுத்திவிட்டு டிரம்முக்குள் கையை விட்டார். வெளியே எடுத்ததை இருவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். போட்டது அவர் காலுறை. வந்தது ஒரு சின்னப் பிள்ளைக்குப் போடலாம் போன்ற ஒன்று. தடித்து, இறுகி, அட்டையாக இருந்தது.

"கொதிக்கிற தண்ணியில கம்பளி சுருங்கும்னு இங்க எல்லாருக்கும் தெரியும்," என்றார் லோக்கன். "ஆனா இதுல போட்டா சுருங்கும்னு யாருக்குத் தெரியும்? கம்பளியை இதுவரைக்கும் யாராவது இதுல போட்டாத்தானே? மாரித்கூடப் போட்டதில்ல. அன்னிக்கு இங்க ஒருத்தன் நனைஞ்சு நின்னான் டாக்னி. அவசரத்துல கோட்டைக் கழட்டி இதுக்குள்ள போட்டான். எடுத்தப்ப அது கோட்டா இல்ல."

"தூக்கி எறிஞ்சிருப்பான்."

"நோர்டால்ல கம்பளியைத் தூக்கி எறியறதா?"

டாக்னி அதை யோசித்தாள். அவள் பிறந்ததும் இப்படியொரு ஊர்தான். அங்கே கிழிந்த போர்வை கோட்டாகும், கோட்டு கால்சட்டையாகும், கால்சட்டை மிதியடியாகும். புருஷன் ஒளித்து வைத்தாலும் பெண்டாட்டி தேடி எடுத்து எதையாவது தைத்துவிடுவாள்.

"அப்ப நாம தேடறது ஆளை இல்ல," என்றாள். "சின்னதா, தடியா, சிவப்பா ஒண்ணை."

மறுநாள் காலை அவர்கள் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.

எய்னாரின் லாரி முற்றத்தில் வந்து நின்றபோது டாக்னி கொட்டகை வாசலில் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் இறங்கினான். ஒல்லியாக, சாந்தமான முகத்தோடு, பார்த்தவுடன் நம்பலாம் போன்ற மனிதன். புதுக் கறுப்புக் கோட்டு. கையில் சம்மட்டி. அக்காவிடம் போய் அவள் தோளைத் தொட்டு, "நீ உள்ள போயிடேன்க்கா. இதை நான் பாத்துக்கறேன்," என்று கெஞ்சினான். அந்தக் கெஞ்சலில் உண்மையான பாசம் இருந்தது. டாக்னிக்கு அவனைப் பிடித்துக்கூடப் போய்விட்டது.

அப்புறம் லாரியின் மறுபக்கத்திலிருந்து அவன் மகள் குதித்தாள். பத்து, பதினோரு வயது; மாரித் ராத்திரி சொல்லியிருந்த யோருன். குதித்த வேகத்தில் கோட்டு விரிந்துகொண்டது.

"அத்தை! நானும் வந்துட்டேன்! இன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்ல!"

சிவப்புக் கோட்டு.

டாக்னி தானாக நடந்து போய் அந்தப் பெண்ணின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். "ஏண்டி யோருன், இந்தக் குளிர்ல கோட்டைத் திறந்துபோட்டுக்கிட்டு அழகு காட்டறியா? வா, பட்டன் போட்டுவிடறேன்."

"போட முடியாதுக்கா. ஓட்டைக்குள்ள போகாது. அம்மா கயிறு கட்டிவிட்டா, அது அவுந்துடுச்சு."

போகத்தான் இல்லை. கோட்டு அட்டையாக இறுகி, ஓட்டைகள் மிளகு அளவுக்குச் சுருங்கியிருந்தன. பட்டன்கள் மட்டும் பெரிய ஆள் போடுகிற பட்டன்கள். மான்கொம்பில் கையால் செதுக்கியவை. மேலிருந்து மூன்றாவது இடத்தில் வெறும் நூல்.

"புதுசா?" என்றாள் டாக்னி.

"அப்பாவோடது. கொதிக்கிற தண்ணியில விழுந்துடுச்சாம். அப்பா லாயத்துல வைக்கோலுக்கு அடியில போட்டு வச்சிருந்தாரு, அம்மா எடுத்து எனக்குத் தைச்சுட்டா. நேத்துதான் முடிச்சா. அப்பாவுக்குப் பிடிக்கல. கழட்டுடீன்னாரு. அம்மா சண்டை போட்டா, கம்பளி என்ன மரத்துலயா காய்க்குதுன்னு."

டாக்னி நிமிர்ந்தாள். லோக்கன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானிருந்தார். எய்னாரும் கேட்டிருந்தான். சம்மட்டி அவன் கையில் மெல்ல இறங்கிப் பனியில் நின்றது.

"யோருன்," என்றாள் டாக்னி, "சமையலறையில அத்தை பிஸ்கட்டு சுட்டு வச்சிருக்கா. எனக்கு விட்டுவைக்காம தின்னு பாப்போம்." அந்தப் பெண் வீட்டுக்குள் ஓடி மறைந்தாள்.

லோக்கன் பையிலிருந்து பட்டனை எடுத்து மாரித்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது டிரம்முக்குள்ள இருந்துச்சும்மா. தட்டினது இதுதான்."

அவள் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "இது எங்க அப்பா செதுக்கினது," என்றாள் மெதுவாக. "நார்வேலேர்ந்து வர்றப்ப கொண்டுவந்தாரு. நான்தான் எய்னாருக்குத் தைச்ச கோட்டுல வச்சேன். அவன் கல்யாணத்துக்கு." நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். "இது எப்படிடா உள்ள போச்சு?"

"அக்கா... எப்பவோ வேலை செய்யறப்ப விழுந்திருக்கும்..."

"பட்டன் விழலாம்," என்றார் லோக்கன். அந்தச் சின்னக் காலுறையைத் தூக்கிக் காட்டினார். "கோட்டு எப்படிச் சுருங்குச்சு? நேத்து சாயங்காலம் இது என் காலுக்குச் சரியா இருந்துச்சு மிஸ்டர் எய்னார். வலையில உங்க சிவப்பு இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு, வேலை உடுப்போட நீலத்துக்கு மேல. ஆறு வழியா வந்து வந்து சுத்தினீங்களே, ஒருநாள் ஒரு விளக்கு ஏத்தியிருக்கலாம்."

எய்னார் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டான். மறுப்பான் என்று டாக்னி எதிர்பார்த்தாள். அவன் அழுதான்.

"கொல்லணும்னு வரலைக்கா. சத்தியமா இல்ல. வித்துடு மச்சான்னு கேட்கத்தான் வந்தேன். புகை, புகைன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தாரு. எவளோ ஒருத்தி சாவாளாம், அதுக்காக நாம எல்லாம் இந்தப் புழுதிக்காட்டுல கிடந்து சாகணுமாம். தள்ளினேன். ஒரே ஒரு தடவை. அடுப்பு முனையில தலை இடிச்சுது. தீப்பிடிச்சா ஊத்தறதுக்குன்னு வச்சிருந்த தண்ணித் தொட்டி என் மேல கவுந்துடுச்சு. தலையிலேர்ந்து கால் வரைக்கும் நனைஞ்சு நின்னேன். வெளிய பூஜ்யத்துக்குக் கீழ முப்பது. அப்படியே போனா வீடு சேர மாட்டேன். அதான்..."

"அதான் கோட்டைக் காயப் போட்டே," என்றாள் மாரித். "என்ஜினைப் போட்டே. கதவு?"

"சூடு வெளிய போகுதுன்னு... சாத்திட்டேன். நான் தொழுவத்துல மாடுங்களுக்கு நடுவுல நின்னேன்."

"அவரு?"

"செத்துட்டாருன்னுதான்க்கா நினைச்சேன்."

"குனிஞ்சு பாத்தியா?"

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"கோட்டை எடுக்க உள்ள வந்தப்ப அவரைத் தாண்டித்தானே போயிருக்கணும்? அப்பவாவது பாத்தியா?"

"நான் என்னக்கா பண்றது?" என்று வெடித்தான் அவன். "உனக்குத் தெரியாதா இந்தக் குளிரு? நனைஞ்ச கோட்டோட போயிருந்தா நானும் செத்திருப்பேன்!"

மாரித் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"சமையலறை ஆணியில அவரோட கோட்டு தொங்கிச்சுடா. என் வீட்டுக் கதவை நான் என்னிக்குமே பூட்டினதில்ல."

டாக்னிக்குப் புரிந்தது. ஹால்வரின் கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தால், அவன் அங்கே வந்தது தெரிந்திருக்கும். ஒரு மனிதனை மூச்சோடு அந்தத் தரையில் விட்டுவிட்டு, தன் கோட்டு காய்வதற்காக அவன் தொழுவத்தில் காத்திருந்திருக்கிறான்.

மாரித் வீட்டை நோக்கி நடந்தாள். டாக்னி பின்னாலேயே போனாள், விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில். விழவில்லை. யோருனை அணைத்து, பிஸ்கட் தட்டோடு உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாள். பிறகு சுவரிலிருந்த டெலிபோனைச் சுற்றி, ஷெரீஃப் வேண்டும் என்றாள்.

அந்த ஆற்றங்கரைப் பண்ணைகள் அத்தனைக்கும் ஒரே கம்பி. ஒரு வீட்டில் டெலிபோனைச் சுற்றினால் மற்ற வீடுகளில் ஓசைப்படாமல் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். ஷெரீஃப் இணைப்பில் வருவதற்குள் டாக்னிக்கே கேட்டது: ஒரு கிளிக். இன்னொன்று. அப்புறம் வரிசையாக. சோம்பேறி என்றவர்கள், காவு கொடுத்தவள் என்றவர்கள், சர்ச்சில் தள்ளி உட்கார்ந்தவர்கள்.

மாரித் அவசரப்படவில்லை. எல்லாச் சத்தமும் அடங்கும் வரை காத்திருந்தாள்.

"எல்லாரும் எடுத்தாச்சா?" என்று கேட்டாள். "நல்லது. ஷெரீஃப் சார், நான் மாரித் பேசறேன். என் வீட்டுக்காரரை அவரு எனக்காகச் செஞ்ச மெஷின் கொல்லல. யாரு கொன்னதுன்னு சொல்றேன். வண்டியை எடுத்துக்கிட்டு வாங்க, என் தம்பி வாசல்லதான் உக்காந்திருக்கான்."